பாடிகார்டு, பணக்கார வாரிசு: ஒரே நாவலுக்கு ஒருத்தர் அஞ்சு ஸ்டார், இன்னொருத்தர் ஒரு ஸ்டார் கொடுப்பது ஏன்?

பாடிகார்டு ஒருவனுக்கும் அவன் காவல் காக்கிற பணக்கார வீட்டு வாரிசுப் பெண்ணுக்கும் காதல் வருகிற ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்து, வாசகர்கள் எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்திருக்கிறீர்கள். ஒருத்தர் விடிய விடியப் படித்தேன் என்று அஞ்சு ஸ்டார் கொடுத்திருக்கிறார். அடுத்தவர் ஹீரோவைப் பார்த்தாலே எரிச்சல், பாதியில் மூடிவிட்டேன் என்று ஒரே ஒரு ஸ்டார். யாரை நம்புவது, ஏன் இப்படி ஒரேயடியாகப் பிரிகிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

இரண்டு பேரையும் நம்பலாம். இந்த வகைக் கதைகளைப் பல வருஷமாகப் படிக்கிறேன், படித்தவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன். படுக்கையறைக் காட்சி அதிகமா கம்மியா, வில்லன் யாரென்று முன்னாலேயே தெரிந்துவிட்டதா என்று ஆளுக்கொரு காரணம் எழுதினாலும், கிட்டத்தட்ட எல்லாரும் வந்து முட்டிக்கொள்கிற இடம் ஒன்றுதான். காவல் என்ற பெயரில் அவன் அவளிடம் கேட்காமல் எதைச் செய்தான், சொல்லாமல் எதை மறைத்தான், அதைக் கதை எப்படிப் பார்க்கிறது? இதை மனசில் வைத்துக்கொண்டு அந்த விமர்சனங்களை மறுபடி படியுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எனக்கும் என் அக்காவுக்கும் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தை அவள் படித்து முடித்து, கட்டாயம் படி என்று என்னிடம் கொடுத்தாள். நடுவில் ஒரு கட்டம். ஹீரோயின் குளிக்கப் போன நேரத்தில் ஹீரோ அவள் போனை எடுத்து, அவள் எங்கே போனாலும் தனக்குத் தெரிகிற மாதிரி ஒரு டிராக்கரை ஏற்றிவிட்டு, போனை இருந்த இடத்திலேயே, மேஜை ஓரத்தை ஒட்டிச் சாய்வாக இருந்த அதே கோணத்திலேயே திருப்பி வைக்கிறான். அந்தக் கோணத்தைப் படித்ததும் எனக்குக் கசந்துபோனது, ஏனென்றால் திருடுகிறவன்தான் அப்படித் திருப்பி வைப்பான். அக்காவுக்கோ அதே வரிதான் பிடித்திருந்தது, எவ்வளவு கவனமான ஆள் பாரு என்றாள். இரண்டு அத்தியாயம் கழித்து அவளைக் கடத்துகிறார்கள், அந்த டிராக்கரால்தான் பிழைக்கிறாள். "சொல்லியிருந்தா அவ ஒத்துக்கிட்டிருப்பாளா? செத்துல்ல போயிருப்பா" என்பது அக்கா கட்சி. ஒத்துக்கொள்கிற மாதிரி எடுத்துச் சொல்லத் தெரியாதவன் என்ன பாடிகார்டு என்பது என் கட்சி. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேசினோம், முடியவில்லை.

பிறகு ரொம்ப நாள் கழித்து யோசித்துப் பார்த்ததில், அவன் டிராக்கர் வைத்ததுகூட எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. உயிர்போகிற நெருக்கடியில் மனுஷன் தப்பான முடிவு எடுப்பான், கதைக்கு அது வேண்டும். மீட்டுக்கொண்டு வந்த பிறகு அவள் ஒரு தடவைகூட "என்னை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்கவே இல்லை, அதுதான் உறுத்தியது. எழுதியவர் அந்தக் கேள்வியைத் தாண்டி நேராகக் கட்டிப்பிடிக்கிற காட்சிக்குப் போய்விட்டார். அவள் கேட்டு, அவன் சொல்லி, அவள் அந்தப் போனைத் தூக்கி அவன் கையில் வைத்துவிட்டு நான்கு நாள் பேசாமல் இருந்திருந்தால், அதே கதை எனக்கும் பிடித்திருக்கும்.

சரி, இந்த வகை நாவல் வாசகருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். ரொமான்ஸ் என்றாலே கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாக, நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வெகுகாலமாகச் சொல்லிவந்த இலக்கணம். 1980-ல் தொடங்கிய அந்தச் சங்கம் ரொமான்டிக் சஸ்பென்ஸுக்கென்று தனிப்பிரிவு வைத்தே விருதும் கொடுத்துவந்தது. ஆக, இருவரும் பிழைப்பார்கள், சேருவார்கள் என்பது அட்டையைப் பார்க்கும்போதே தெரியும். அப்படியானால் சஸ்பென்ஸ் எங்கிருந்து வரும்? அவள் சாவாளா மாட்டாளா என்பதில் வராது. யார் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதிலும், இந்தக் காதலுக்காக இருவரும் எதை இழக்கப்போகிறார்கள் என்பதிலும்தான் வர வேண்டும். காதலுக்காகப் படிக்க வந்தவரும் திகிலுக்காகப் படிக்க வந்தவரும் ஒரே புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கு ஊட்டினால் இன்னொருத்தர் பட்டினி. சஸ்பென்ஸ் சப்பென்று இருக்கிறது என்று மூன்று ஸ்டார் கொடுப்பவர் பெரும்பாலும் இரண்டாவது ஆள். இதில் தவறு எதுவும் இல்லை, நீங்கள் இதில் யார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

நல்ல புத்தகத்தில் இரண்டு பேருக்குமே வயிறு நிறையும், அதற்கு வழி பாடிகார்டின் வேலைக்குள்ளேயே இருக்கிறது. காவல் காக்கிறவன் தான் காக்கிற ஆளைப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது சுற்றி இருக்கிறவர்களை, அதிலும் முகத்தைவிட முதலில் கைகளை. கை எங்கே இருக்கிறது, சட்டைப்பைக்குள் போகிறதா, துணிக்கு அடியில் மறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கப் பழக்குவார்கள், ஏனென்றால் முகம் எதை வேண்டுமானாலும் காட்டும், தாக்குதல் வருவது கையிலிருந்து. காதலிக்கிறவனோ அவளை மட்டும் பார்ப்பான். அவன் கண் அவள்மேல் தங்குகிற ஒவ்வொரு நொடியும் அவன் வேலையில் விழுகிற ஓட்டை. இந்த ஒரு முரண்பாட்டைப் பிடித்துக்கொண்ட எழுத்தாளருக்குக் காதல் காட்சியே சஸ்பென்ஸ் காட்சியாகிவிடும், தனியாக ஒரு துப்பாக்கிச் சண்டை தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரு விருந்துக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் படியில் இறங்கி வருகிறாள். சுமாரான நாவலில் அவன் அவளையே பார்த்து மூச்சுவிட மறந்து நிற்பான், உடையின் நிறம், கழுத்துச் சங்கிலி எல்லாம் இரண்டு பத்திக்கு வரும். நன்றாக எழுதத் தெரிந்தவர் என்ன செய்வார்? அவன் அவளைப் பார்க்கவே மாட்டான். படிக்குக் கீழே இருக்கிற இருபது பேரின் கைகளைப் பார்ப்பான். கிளாஸ், கிளாஸ், கைப்பை, போன், கிளாஸ், பின்னால் கட்டிய கை. அந்தப் பின்னால் கட்டிய கையிலேயே கண் நிற்கும். அவள் அவனைக் கடந்து போகும்போது "எப்படி இருக்கேன்?" என்று கேட்பாள், "கதவுக்கு வலப்பக்கமா நில்லுங்க" என்பான். அவளுக்கு முகம் சுண்டிப்போகும். ராத்திரி வண்டியில் திரும்பி வரும்போது, அவள் காதில் ஒரு கம்மல் இல்லை, எந்தப் படியில் விழுந்தது என்று அவன் சொல்லுவான். பார்க்காத மாதிரி இருந்தவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். இந்த மாதிரி ஒரு காட்சி இருக்கிற புத்தகத்துக்கு, வில்லன் யாரென்று பத்தாவது பக்கத்தில் தெரிந்தால்கூட நான் கோபப்பட மாட்டேன்.

"இவன் பாடிகார்டு வேலையே பார்க்கலையே" என்ற புகார் விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். கதவைச் சோதிக்காமல் அவளோடு அறைக்குள் போகிறான், மிரட்டல் கடிதம் வந்த அன்றைக்கே அவளை நடனத்துக்குக் கூட்டிப் போகிறான். வேலை வெறும் கறுப்புக் கோட்டாகவும் காதுக்குள் ஒயராகவும் நின்றுவிட்டால் வாசகர் ஏமாந்துபோகிறார், ஏனென்றால் அவர் அந்த வேலையை மதித்துத்தான் படிக்க வந்தார். நிஜத்தில் அது எப்படிப்பட்ட வேலை என்று பாருங்கள். 1974 மார்ச் 20-ம் தேதி லண்டனில் இளவரசி ஆன் போன காரை ஒருவன் வழிமறித்து, 20 லட்சம் பவுண்டு கேட்கலாம் என்ற திட்டத்தோடு அவரைக் கடத்தப் பார்த்தான். அன்றைக்கு அவருக்குக் காவல் ஜிம் பீட்டன் என்ற ஒரே ஒரு அதிகாரிதான். முதலிலேயே குண்டு பட்டது, திருப்பிச் சுட்டபோது அவருடைய துப்பாக்கி சிக்கிக்கொண்டது, அப்புறம் கையில் ஒன்றுமில்லாமல் இளவரசிக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் தன்னை வைத்து மொத்தம் மூன்று குண்டு வாங்கினார். பிழைத்தார், ஜார்ஜ் கிராஸ் விருதும் கிடைத்தது. 1981-ல் அதிபர் ரீகனைச் சுட்டபோது டிம் மெக்கார்த்தி என்ற காவலர் செய்ததும் அப்படித்தான். சத்தம் கேட்டால் உடம்பு தானாகக் குனியும், எல்லாருக்கும் அப்படித்தான். அவர் சுடுகிறவன் பக்கம் திரும்பி, கைகால் அகட்டி உடம்பை விரித்து நின்றார், குண்டு அவர்மேல் பட்டது. இன்னொரு அதிகாரி ரீகனைக் காருக்குள் தள்ளி உடனே வண்டியை எடுக்கவைத்தார். காவல் வேலையின் அடிப்படை அதுதான், மறைத்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டுக் கொண்டுபோவது. நின்று சண்டை போடுகிற ஹீரோவைப் பார்த்து விஷயம் தெரிந்த வாசகர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

இப்போது பணம் கொடுப்பது யார் என்ற விஷயம். என் கணக்கில் இந்தக் கதைகளில் மிக வளமான இடம் இதுதான், மிக அதிகமாக வீணடிக்கப்படுவதும் இதுதான். தனியார் பாதுகாப்புத் தொழிலில் காவல் காக்கப்படுகிறவரை ஒரு பெயரிலும், பணம் கட்டுகிறவரை வேறு பெயரிலும் சொல்வார்கள், முதலாமவர் பிரின்சிபல், இரண்டாமவர் கிளையன்ட். பல சமயம் இரண்டும் ஒரே ஆள். வாரிசுப் பெண்ணின் கதையில் இரண்டும் வேறு வேறு, பணம் கட்டுவது அப்பா. அப்படியானால் அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன்? அவள் ராத்திரி அழுதாள், யாரோடோ போனில் பேசினாள், வீட்டைவிட்டுப் போய்விடலாமா என்று யோசிக்கிறாள் என்று அப்பா கேட்டால் சொல்லுவானா? மிரட்டல் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குக் காட்டக் கூடாது என்று அப்பா சொன்னால் கேட்பானா?

ஒரு ஸ்டார் விமர்சனங்களில் பாதிக்கு வேர் இங்கே இருக்கிறது. ஆபத்து அவளுக்கு, ஆபத்தைப் பற்றிய தகவல் மட்டும் அவளைத் தவிர எல்லாரிடமும் இருக்கிறது. முக்கால் புத்தகத்தில் அவளுக்கு உண்மை தெரியவரும், வெடிக்கும், ஓடிப்போவாள், ஓடின இடத்தில் வில்லனிடம் மாட்டுவாள், அவன் வந்து காப்பாற்றுவான். உடனே "ஹீரோயின் முட்டாள், காவலை விட்டுவிட்டு எவளாவது ஓடுவாளா" என்று ஒரு விமர்சனம் வரும். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தன்னை யார் கொல்லப் பார்க்கிறார்கள் என்பதே அவளுக்குச் சொல்லப்படவில்லையே. தெரியாத ஒன்றுக்கு எப்படி பயப்படுவாள்? அவளை முட்டாளாக்கியது அவளைச் சுற்றி இருந்தவர்கள், அதற்குத் துணை போனது கதை. அதே ஓட்டம், அவளுக்கு எல்லாம் தெரிந்து, கணக்குப் போட்டு, இந்த வீட்டுக்குள்தான் ஆபத்து என்று முடிவு செய்து ஓடினால், படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள். ஓடுவது ஒன்றுதான், கையில் என்ன தகவலோடு ஓடினாள் என்பதுதான் மாறுகிறது.

வேலையை ராஜினாமா செய்கிற காட்சி வருகிற நாவல்களை வாசகர்கள் ஏன் அவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்பதும் இதிலிருந்தே புரியும். முதல் முத்தத்துக்கு முன்னால் அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, இனிமேல் உங்கள் சம்பளம் வேண்டாம், வேறு ஆள் வருகிற வரைக்கும் இருப்பேன் என்று சொல்கிறான். அந்தப் போனுக்குப் பிறகு அவன் அங்கே நிற்பது அவள் சொன்னால் மட்டும்தான். சிலருக்கு இது அநாவசியமான நீதிபோதனையாகப் படுகிறது, ஓட்டம் தடைபடுகிறது என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கதவைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவன், அவள் எப்போது தூங்குகிறாள் என்பதுவரை தெரிந்தவன், அவளிடம் காதலைச் சொல்லும்போது அவள் "வேண்டாம்" என்று சொல்ல நிஜமாகவே இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இருந்தால்தான் அவள் "சரி" என்பதற்கு மதிப்பு.

வாரிசுப் பெண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமர்சனங்களில் பாடிகார்டுக்குக் கிடைக்கிற கவனம் அவளுக்குக் கிடைப்பதில்லை. பல நாவல்களில் அவள் பணம் நல்ல உடைக்கும் பெரிய வீட்டுக்கும்தான் பயன்படுகிறது, கதையை நகர்த்துவதில்லை. இந்த வகைக் கதை பிறந்ததே பணத்திலிருந்துதான் என்பது மறந்துபோயிற்று. சொத்துள்ள பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயக் கல்யாணம் செய்வதைக் கடும் குற்றமாக்கி இங்கிலாந்தில் 1487-லேயே சட்டம் வந்தது. 1753-ல் ரகசியக் கல்யாணங்களைத் தடுக்க வந்த சட்டத்துக்கும், வாரிசுப் பெண்களை மயக்கிக் கூட்டிப் போய்த் தாலிகட்டுகிற ஆட்கள் மீதான பயம் ஒரு காரணம். கல்யாணம் ஆனால் மனைவியின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும், அந்த நிலை பெருமளவு மாறியது 1882 சட்டத்துக்குப் பிறகுதான். அதாவது அவளைக் கல்யாணம் செய்வதே ஒரு கொள்ளை. 1794-ல் வந்த 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில் வில்லன் கோட்டையில் அடைத்துவைத்து நாயகியிடம் சொத்தை எழுதிக் கேட்கிறான். 1859-ல் தொடராக ஆரம்பித்த 'வெள்ளுடைப் பெண்' நாவலில் மனைவி பிள்ளையில்லாமல் இறந்தால் கணவனுக்கு 20,000 பவுண்டு, மொத்தச் சதியும் அந்த ஒரு ஷரத்திலிருந்து கிளம்புகிறது. உயில், கையெழுத்து, யார் இறந்தால் யாருக்கு என்று தெளிவாக இருக்கிறபோது வில்லனுக்கு உயிர் வருகிறது. "வில்லன் ஏன் இதையெல்லாம் செய்தான் என்றே புரியவில்லை" என்ற புகார் வந்தால், எழுதியவர் அந்தச் சொத்துக் கணக்கைப் போடாமல் விட்டிருப்பார் என்று நான் எடுத்துக்கொள்வேன். சித்தப்பா, நிச்சயம் செய்த மாப்பிள்ளை, குடும்ப வக்கீல், கூட வேலை பார்க்கிற இன்னொரு பாடிகார்டு, இந்த நாலு பேரில் ஒருவன்தான் வில்லன் என்று பழகிய வாசகருக்குத் தெரியும். காரணம் சரியாக இருந்தால் அதை மன்னித்துவிடுவார்.

நம் இலக்கியத்தை வைத்துப் பார்த்தால் இதில் எனக்கு இன்னொரு சுவாரசியம். அகப்பாடல்களில் காவல் எப்போதுமே காதலுக்கு எதிரி. தலைவன் இரவில் வருவான், தாய் தூங்க மாட்டாள், ஊர்க்காவலர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், நாய் குரைக்கும், நிலா வேறு பகல் மாதிரி காயும். அகநானூற்றில் பரணர் இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக அடுக்கி ஒரு பாட்டே பாடியிருக்கிறார். பாடிகார்டு கதையில் அந்தக் காவலனே காதலன். வெளியே இருந்த தடை ஆளுக்குள்ளேயே போய்விட்டது, தாண்ட வேண்டிய மதிலும் தாண்டி வருகிறவனும் ஒருவனே. இந்த வகைக்கு இவ்வளவு பேர் ஏன் விழுகிறார்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து, "இது காதலே இல்லை, பயம்" என்று எழுதுகிறவர்கள். இவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1974-ல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் கபிலானோ தொங்குபாலத்தில் நடத்திய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆழமான பள்ளத்துக்கு மேலே ஆடுகிற பாலத்தில் ஒரு பெண் வந்து ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தாள். உறுதியான, தாழ்வான பாலத்தில் சந்தித்தவர்களைவிட, ஆடுகிற பாலத்தில் சந்தித்தவர்கள்தான் பிறகு அவளுக்கு அதிகமாகப் போன் செய்தார்கள். பயத்தில் அடிக்கிற நெஞ்சை ஆசையில் அடிக்கிற நெஞ்சு என்று மனசு எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். மூன்றே நாளில் மூன்று துப்பாக்கிச் சண்டை, நான்காம் நாள் "நீ இல்லாமல் வாழ முடியாது" என்று ஒரு நாவல் போனால், பாலம் ஆடுவது நின்றபிறகு என்ன ஆகும் என்று வாசகர் கேட்பது நியாயம்தானே.

அதனால் கடைசி அத்தியாயத்தை, எபிலாக்கை நான் மிக முக்கியமாகப் பார்ப்பேன். கல்யாண மண்டபமோ குழந்தையோ காட்டி முடிப்பது எளிது. ஆபத்து போன பிறகு வருகிற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காட்டினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். அவள் தனியாகக் கடைக்குக் கிளம்புகிறாள். அவன் எழுந்திருக்கப் பார்க்கிறான், பழக்கம். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவன் உட்கார்ந்துகொள்கிறான், கதவு மூடுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் நாற்காலிக் கையைப் பிடித்திருக்கிறான். இந்த நாலு வரி இருந்தால் அவர்கள் பத்து வருஷம் சேர்ந்திருப்பார்கள் என்று நம்புவேன்.

நிஜ வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. அதே 1974, பிப்ரவரி 4-ம் தேதி, பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டின் பேத்தி, 19 வயது பேட்டி ஹெர்ஸ்ட்டை ஓர் ஆயுதக்குழு வீட்டிலிருந்து கடத்தியது. இரண்டு மாதத்தில் அதே குழுவோடு சேர்ந்து வங்கிக் கொள்ளையில் துப்பாக்கியோடு நின்றார், பிடிபட்டார், தண்டனை பெற்றார், அதிபர் கார்ட்டர் தண்டனையைக் குறைத்ததால் 1979-ல் வெளியே வந்தார். வந்த இரண்டு மாதத்தில் அவர் கல்யாணம் செய்துகொண்டது, முன்பு ஜாமீனில் இருந்த காலத்தில் தனக்குக் காவலாக இருந்த ஒரு போலீஸ்காரரை. 2013-ல் அந்தக் கணவர் இறக்கிறவரை, முப்பது வருஷத்துக்கும் மேல், இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். ஆபத்தில் தொடங்கியது ஆபத்தோடு முடிந்துவிடும் என்று அடித்துச் சொல்கிற விமர்சனங்களைப் படிக்கும்போது இவர்கள் ஞாபகம்தான் வரும். பாலத்துச் சோதனையும் உண்மை, இதுவும் உண்மை. கதை எழுதுகிறவர் இரண்டில் எதற்கு எங்களைத் தயார் செய்தார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஹீரோவின் முரட்டுத்தனம் பற்றிய சண்டை இன்னொரு பக்கம். ஆல்ஃபா ஹீரோ, அதாவது எல்லாரையும் அதட்டி அடக்குகிற ஹீரோ, பிடிக்கும், பிடிக்காது என்று இரண்டு அணி. நான் இதில் ரொம்ப நேரம் செலவழிக்க மாட்டேன், ஒன்றை மட்டும் பார்ப்பேன். அவன் குரல் உயர்வது எப்போது? ஜன்னல் பக்கம் போகாதே, கீழே படு, ஓடு என்று கத்தினால் அது வேலை. அவள் பழைய நண்பனோடு சிரித்துப் பேசும்போது அதே குரலில் "உள்ளே போ" என்றால் அது பொறாமை, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறான். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து எழுதுகிற எழுத்தாளர் அவளையே அதைக் கண்டுபிடித்துச் சொல்லவைப்பார், "இப்ப யாருக்காகக் கத்தினீங்க?" என்று. தெரியாமல் எழுதுகிறவர் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு அன்பு என்று கொடுப்பார். அக்கா மாதிரி வாசகர்களுக்கு அதுவும் பிடிக்கலாம், கதைக்குள் ஒருவன் தனக்காகப் பதறுவதைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒருத்திக்கு அந்தச் சுகத்தின் மதிப்பு தெரியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சரி, நீங்கள் எப்படி முடிவு செய்வது? அஞ்சு ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விட்டுவிட்டு முதலில் மூன்று ஸ்டார் விமர்சனங்களைப் படியுங்கள், அவர்கள்தான் எது பிடித்தது, எது இடறியது என்று இடம் சொல்லி எழுதுவார்கள். அதில் "மறைத்துவிட்டான்", "கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை" என்ற மாதிரி வார்த்தைகள் வந்தால், அடுத்த வரியில் அவள் என்ன செய்தாள் என்று தேடுங்கள். கேட்டாள், கோபப்பட்டாள், அவன் பதில் சொன்னான் என்று இருந்தால் நல்லது. ஒன்றுமே இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன். அப்புறம், இலவசமாகப் படிக்கக் கிடைக்கிற முதல் அத்தியாயத்தில் அப்பா அவனை அறிமுகம் செய்கிற காட்சியைப் பாருங்கள். எல்லாம் பேசி முடிந்த பிறகு, போகும்முன் அவன் அவளிடம் தனியாக ஏதாவது கேட்கிறானா? "உங்களுக்கு எந்த நேரத்தில் தனியா இருக்கணும்னு தோணும்?" என்பது போல ஒன்று. கேட்டால் அந்த எழுத்தாளருக்குத் தான் எழுதுவது என்னவென்று தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. "ரொம்ப மெதுவாகப் போகிறது, பாதிப் புத்தகம் கதவு, படி, கார், எந்த வழியில் போவது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள், முதல் முத்தமே இருநூறு பக்கம் தாண்டித்தான்" என்று யாராவது கோபமாக ஒரு ஸ்டார் கொடுத்திருந்தால், யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.